‘பிரேக்’ என்ற ஆங்கில வினையை நேர்ப்பொருளிலும் உருவகப் பொருளிலும் கையாளும் முறை

ஆங்கிலம்-தமிழ் அகராதி எதைப் புரட்டினாலும் ‘பிரேக்’ என்ற வினைக்கு எதிரே முதலில் நிற்பது ‘உடை’ என்ற சொல்தான். அந்த ஒரு பொருளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு பெங்களூரில் வேலைக்கும் மருத்துவமனைக்கும் அலைகிறவர், நோயாளியின் காய்ச்சல் ‘பிரேக்’ ஆகிவிட்டதாக மருத்துவர் சொல்வதையும், சம்பளத்தின் ‘பிரேக்கப்’ மின்னஞ்சலில் வந்திருப்பதாக அலுவலகத்தில் சொல்வதையும், சில்க் போர்டு சந்திப்பில் பேருந்து ஒன்று ‘பிரேக்டவுன்’ ஆகி நிற்பதாக யாரோ புலம்புவதையும் ஒரே நாளில் கேட்க நேரிடும். மூன்றிலும் உடைந்த பொருள் என்று கையில் எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. அகராதியைக் குறை சொல்வதில் பயனில்லை. அதில் இருபது பொருள்களை வரிசையாகக் கொடுத்திருந்தாலும், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது பட்டியலில் பதினேழாவது பொருளைத் தேடிப் பிடிக்க யாராலும் முடியாது.

அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்பி டவுன் போன்ற பகுதிகளில் தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசி, ஆங்கிலத்தை மட்டும் வேலைக்காகப் பிடித்து வைத்திருக்கும் பெரியவர்களுக்கு வார இறுதிகளில் பாடம் சொல்லும் எனக்கு, இந்த வினைக்குப் பட்டியலைவிட ஒரு கேள்வியே உதவியிருக்கிறது. ‘பிரேக்’ என்ற சொல் வந்ததும் அதன் பொருளைத் தேடாமல், அதை ஒட்டி நிற்கும் பெயர்ச்சொல்லைத் தேட வேண்டும். எது உடைகிறது, அல்லது எதை உடைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அந்தப் பெயர் கிடைத்துவிட்டால், அதனுடன் எந்த வினை சேரும் என்பது தமிழ் பேசும் வாய்க்குத் தானாகவே தெரியும். காய்ச்சல் என்றால் விடும், மௌனம் என்றால் கலையும், போர் என்றால் மூளும், வாக்கு என்றால் தவறும். ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் ஒரே வினையைப் போட்டுவிட்டுப் பெயரிடம் பொருளை ஒப்படைக்கிறது. தமிழ் பெயருக்குப் பெயர் வினையை மாற்றுகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது.

கையில் எடுக்கக்கூடிய பொருள்கள்

நேர்ப்பொருள் எளிது, உருவகப் பொருள்தான் கடினம் என்று பொதுவாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழில் பானை உடையும், கம்பு முறியும், கிளை ஒடியும், கயிறு அறும், அப்பளம் நொறுங்கும். இந்த ஐந்துக்கும் ஆங்கிலத்தில் ‘பிரேக்’ போதும். ஆகவே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது தடுமாற்றம் இல்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான், எல்லாவற்றுக்கும் இதே வினை செல்லும் என்ற துணிச்சலில் ‘என் சட்டை பிரேக் ஆகிவிட்டது’ என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். துணியும் காகிதமும் கிழிபவை. அவற்றுக்கு ஆங்கிலத்தில் ‘டேர்’ என்ற தனி வினை உண்டு, ‘பிரேக்’ அங்கே செல்லாது. விறைப்பாக உள்ள பொருளும், இழுத்துக் கட்டிய கயிறு போன்ற பொருளும் ‘பிரேக்’ ஆகும். மடிந்து குழைந்து கொடுக்கும் பொருள் ஆகாது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ரொட்டி இதற்கு விலக்கு. மென்மையான ரொட்டியைக் கையால் பிட்பதையும் ஆங்கிலம் ‘பிரேக்’ என்றே சொல்லும். தேவாலயத்தில் ‘அப்பம் பிட்குதல்’ என்று தமிழில் சொல்லப்படும் செயலுக்கு ஆங்கில வழிபாட்டில் வருவதும் இதே வினைதான்.

மளிகைக் கடையில் தமிழின் ‘உடைத்த’ என்ற அடைமொழி இன்னொரு சிக்கலை வைத்திருக்கிறது. உடைத்த உளுந்தை ஆங்கிலத்தில் ‘புரோக்கன்’ என்று யாரும் சொல்வதில்லை; இரண்டாகப் பிளந்தது என்ற பொருளில் ‘ஸ்பிளிட்’ என்பார்கள். அதே கடையில் குருணை அரிசிக்கு ‘புரோக்கன் ரைஸ்’ என்றும், உப்புமாவுக்கு வாங்கும் கோதுமை ரவைக்கு ‘புரோக்கன் வீட்’ என்றும் பெயர் அச்சிட்டிருக்கும். சீராக இரண்டாகப் பிரிந்ததும், கண்டபடி சிதறியதும் ஆங்கிலத்துக்கு வேறு வேறு என்பதை அந்தப் பொட்டலங்களே சொல்லிவிடுகின்றன.

உடம்புக்கு வரும்போது இலக்கணமும் சேர்ந்து குறுக்கிடுகிறது. தமிழில் ‘உடைந்தது’ என்பதற்கும் ‘உடைத்தான்’ என்பதற்கும் வடிவத்திலேயே வேறுபாடு இருக்கிறது. முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. முறிந்தது-முறித்தான், அறுந்தது-அறுத்தான், கலைந்தது-கலைத்தான் என்று இந்த இணைகள் மொழி முழுவதும் பரவிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘புரோக்’ என்ற ஒரே வடிவம்தான். கண்ணாடிக் குவளை எழுவாயாக நின்றால் அது தானே உடைந்தது. நீங்கள் எழுவாயாக நின்றால் நீங்கள் உடைத்தீர்கள். பழியை யார் மேல் போடுவது என்பதை எழுவாயின் இடம் தீர்மானிக்கிறது. ஆனால் படியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தவர் ஆங்கிலத்தில் ‘ஐ புரோக் மை லெக்’ என்றுதான் சொல்வார். அதைத் தமிழில் அப்படியே போட்டால், தன் காலைத் தானே சுத்தியலால் உடைத்துக்கொண்டவர் போல ஒலிக்கும். தமிழர் இந்த வாக்கியத்தைச் சொல்லக் கூசுவதும், ‘மை லெக் காட் பிரேக்’ என்று வேறு ஏதோ ஒன்றைக் கட்டுவதும் இதனால்தான். கூச வேண்டியதில்லை. தனக்கு நேர்ந்த எலும்பு முறிவை ஆங்கிலத்தில் தன்னை எழுவாயாக வைத்தே சொல்வார்கள். அதில் குற்ற ஒப்புதல் எதுவும் கிடையாது.

மகாத்மா காந்தி சாலைப் பக்கம் போகிறவர்களுக்குப் பழக்கமான அனில் கும்ப்ளே சதுக்கத்தின் பெயருக்குரியவரிடம் இந்த வினையின் இரண்டு முகங்களையும் பார்க்கலாம். 2002 மே மாதம் ஆன்டிகுவாவில் நடந்த டெஸ்ட் போட்டியில் மட்டை பிடித்தபோது பந்து தாக்கி அவருடைய தாடை முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு மீண்டும் வந்து பந்து வீசி பிரையன் லாராவை ஆட்டமிழக்கச் செய்தார். தாடை முறிந்தது நேர்ப்பொருள். அவர் வீசிய பந்துவகைக்கு ‘லெக் பிரேக்’ என்று பெயர். அங்கே எதுவும் முறியவில்லை, வலக்கை ஆட்டக்காரரின் கால் பக்கத்திலிருந்து வரும் பந்து தரையில் பட்டதும் தன் போக்கை விட்டு வெளிப்பக்கம் திரும்புகிறது. நேராக வந்துகொண்டிருந்த போக்கு அறுபட்டது என்ற நினைப்பிலிருந்து பிறந்த பெயர் அது. இந்த நினைப்புதான் உருவகப் பொருள்கள் அனைத்துக்கும் வாசல்.

தொடர்ச்சியும் கட்டும்

கையில் எடுக்க முடியாத ஒன்று ‘பிரேக்’ ஆகிறது என்றால், அடுத்ததாகக் கேட்க வேண்டியது, அது உடைவதற்கு முன் எப்படி இருந்தது என்பது. விடாமல் தொடர்ந்துகொண்டிருந்ததா, ஒருவரைக் கட்டிப் போட்டிருந்ததா, அல்லது எதையாவது மூடி மறைத்துக்கொண்டிருந்ததா? பெரும்பாலான பயன்பாடுகள் இம்மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும். அடங்காதவையும் உண்டு, அவற்றைப் பிறகு பார்ப்போம்.

தொடர்ந்துகொண்டிருந்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு நோன்பு. ‘பிரேக்’ என்பதையும் நோன்பு என்ற பொருள் தரும் ‘ஃபாஸ்ட்’ என்பதையும் சேர்த்தால் காலை உணவின் பெயர் கிடைக்கிறது; இரவு முழுவதும் நீடித்த பட்டினி காலையில் முடிகிறது. சேர்ந்த பிறகு உச்சரிப்பு ‘பிரெக்’ என்று குறுகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். நோன்பை முடிப்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சமயத்தவரும் சொல்லும் வினை ஒன்றே. தமிழிலோ, சிவாஜிநகரில் ரமலான் மாலைகளில் நோன்பு ‘திறப்பார்கள்’, ஏகாதசிக்கு மறுநாள் ‘பாரணை’ செய்வார்கள், அரசியல் தலைவர் பழச்சாறு அருந்தி உண்ணாவிரதத்தை ‘முடித்துக்கொள்வார்’. மொழிபெயர்க்கும்போது யாருடைய நோன்பு என்று தெரியாமல் வினையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ‘நோன்பை முறித்தார்’ என்று எழுதினால், தமிழ் வாசகர் அவர் பாதியில் தோற்றுவிட்டதாகவோ விதியை மீறியதாகவோ எடுத்துக்கொள்வார்.

காய்ச்சல், மௌனம், தூக்கம், பயணம் ஆகியவையும் இந்த வகையே. காய்ச்சல் விட்டது, மௌனம் கலைந்தது, தூக்கம் விட்டுவிட்டு வந்தது என்று தமிழ் தனக்கே உரிய வினைகளை வைத்திருக்கிறது. பயணத்துக்கு நம் ரயில்வே ‘பிரேக் ஜர்னி’ என்று ஒரு விதியே வைத்திருக்கிறது: 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணச்சீட்டு வைத்திருப்பவர், அத்தொலைவைக் கடந்த பிறகு வழியில் ஒரு நிலையத்தில் இறங்கித் தங்கி, அதே சீட்டில் பயணத்தைத் தொடரலாம். பெங்களூரிலிருந்து சென்னை வரை போகிறவருக்குத் தொலைவு போதாது. டெல்லி வரை போகிறவருக்கு இது உதவும், ராஜதானி போன்ற சில வண்டிகள் நீங்கலாக. இங்கே ‘பிரேக்’ என்பது முடிவைக் குறிக்கவில்லை, மீண்டும் தொடரப்போகும் இடைவெளியைக் குறிக்கிறது. தேநீர் இடைவேளைக்கும், வேலையிலிருந்து சில ஆண்டுகள் விலகியிருந்தவர்கள் நேர்காணலில் குறிப்பிடும் ‘கேரியர் பிரேக்’கிற்கும் இதே பொருள்தான். நேர்காணலில் இதைச் சொல்லும்போது ‘டுக்’ என்ற வினையுடன் சேர்த்து, ஓய்வு எடுத்துக்கொண்டேன் என்ற பொருளில் சொல்ல வேண்டும். வேலை வாழ்க்கையையே ‘புரோக்’ செய்தேன் என்று சொன்னால் பொருள் கெட்டுவிடும்.

பிரசவ நேரத்துத் தொலைபேசி அழைப்பு ஒன்றை நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் அங்கே சொல் தவறினால் நேரம் வீணாகும். பனிக்குடம் உடைந்துவிட்டது என்று வீட்டில் தமிழில் சொல்கிறார்கள்; மருத்துவமனை வரவேற்பில் தொலைபேசியை எடுப்பவருக்கு ஆங்கிலமும் இந்தியும்தான் தெரிகிறது. பனிக்குடத்தில் உள்ள ‘குடம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘வாட்டர் பாட் புரோக்கன்’ என்று பதற்றத்தில் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் வீட்டுத் தண்ணீர்ப் பானையைத்தான் நினைப்பார். ஆங்கிலத்தில் குடத்தைச் சொல்வதில்லை, நீரைச் சொல்கிறார்கள்: ‘ஹெர் வாட்டர் ஹாஸ் புரோக்கன்’. அதன்பின் எப்போது உடைந்தது, நீரின் நிறம் என்ன என்று கேட்பார்கள். வினை இரு மொழியிலும் ஒன்றாக இருந்து, பெயர் மட்டும் மாறும் அரிய இடம் இது.

இரண்டாவது வகையில் உடைவது ஒரு கட்டுப்பாடு. சட்டத்தை மீறுவது, வாக்குத் தவறுவது, பழக்கத்தை விடுவது, நிச்சயித்த திருமணத்தை நிறுத்துவது, சாதனையை முறியடிப்பது ஆகியவற்றை ஆங்கிலம் ஒரே வினையால் சொல்கிறது. கடைசி ஒன்றில் மட்டும் தமிழும் முறிப்பதைப் பற்றியே பேசுகிறது. பெங்களூரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த வகை கையெழுத்துப் போடும் நாளிலேயே எதிர்ப்படும். ஒப்பந்தத்தில் ‘லாக்-இன்’ என்று குறிப்பிட்ட காலத்துக்கு முன் வீட்டைக் காலி செய்வதைத் தரகர் ‘அக்ரிமென்ட் பிரேக் செய்வது’ என்பார். காலத்துக்கு முன் வெளியேறுதல் என்ற சாதுவான பொருளோடு, முன்பணத்தில் பிடித்தம் உண்டு என்ற எச்சரிக்கையும் அதில் அடங்கியிருக்கும். வங்கியில் நிரந்தர வைப்பை ‘பிரேக்’ செய்வதும் அப்படியே: முதிர்வுக்கு முன் கணக்கை முடித்துப் பணத்தை எடுக்கிறோம், அதற்காக வட்டியில் ஒரு பங்கை இழக்கிறோம். இவ்விரு இடங்களிலும் தமிழில் ‘உடைத்தல்’ என்று எழுதாமல், ‘முன்கூட்டியே முடித்தல்’ என்று எழுதுவதே தெளிவானது. ஐந்நூறு ரூபாய்த் தாளைச் சில்லறையாக மாற்றுவதையும் ஆங்கிலத்தில் ‘பிரேக்’ என்று சொல்வதுண்டு. கன்னடத்தில் அதே செயலுக்கு ‘முரிசு’ என்ற வினை இருப்பதால், பெங்களூர்த் தமிழருக்கு இந்தப் பொருளை விளக்கவே தேவையில்லை.

மூடியிருந்தது வெளிப்படுவது

மூன்றாவது வகையைத்தான் கற்பவர்கள் கடைசியில் பிடிக்கிறார்கள், ஏனெனில் இங்கே எதுவும் அழிவதில்லை, ஒன்று பிறக்கிறது. பொழுது விடிவது, வியர்வை அரும்புவது, தீப்பற்றுவது, போர் மூள்வது, தொற்று பரவத் தொடங்குவது ஆகிய அனைத்தும் ‘பிரேக்’ என்ற வினையில் அடங்கும். கடைசி மூன்றும் ‘அவுட்’ என்ற சொல்லைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். 1898-இல் பெங்களூரில் பிளேக் ‘புரோக் அவுட்’ ஆனது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், நோய் உடைந்து ஒழிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது திடீரெனப் பரவத் தொடங்கியது என்பதே பொருள். நகரில் இன்றும் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் இருப்பதற்கு அந்த ஆண்டுகளின் அச்சமே காரணம். காய்ச்சல் ‘புரோக்’ ஆனால் நல்ல செய்தி, நோய் ‘புரோக் அவுட்’ ஆனால் கெட்ட செய்தி. இடையில் இருப்பது ஒரு சிறு சொல்.

பருவமழை இந்தக் குழப்பத்தின் உச்சம். ‘த மான்சூன் புரோக்’ என்றால் மழைக்காலம் தொடங்கிவிட்டது. கேரளக் கரையில் இயல்பாக ஜூன் 1-ஆம் நாளை ஒட்டி நடப்பது இது. ஆனால் வானிலைத் துறையினர் ‘பிரேக் மான்சூன்’ என்று சொன்னால் அதற்கு நேர் எதிரான பொருள்: ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பருவமழைத் தாழ்வுப்பகுதி இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிட, நாட்டின் நடுப்பகுதியில் சில நாள்கள் மழை ஓய்ந்து கிடக்கும் இடைவெளியை அது குறிக்கிறது. அந்நாள்களில் தமிழ்நாட்டில் மழை சற்றுக் கூடுவதும் உண்டு. வினையாக வந்தால் தொடக்கம், பெயராக வந்தால் ஓய்வு. முதலாவதில் மேகத்தின் மூடாக்கு திறக்கிறது, இரண்டாவதில் மழையின் தொடர்ச்சி அறுகிறது என்று முன்பு சொன்ன வகைகளை வைத்துப் பார்த்தால் முரண்பாடு மறைந்துவிடும்.

பதின்ம வயதுப் பையனின் குரல் மாறுவதை ஆங்கிலம் குரல் ‘பிரேக்’ ஆவதாகச் சொல்கிறது. தமிழில் இதற்கு ‘மகரக்கட்டு உடைதல்’ என்ற அழகான தொடர் ஏற்கெனவே இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் ‘குரல் உடைந்தது’ என்று இன்று எழுதுவது எனக்கு உவப்பாக இல்லை, அழுகையில் குரல் தழுதழுப்பதோடு அது கலந்துவிடுகிறது.

செய்தியைச் சொல்வதில் தமிழும் ஆங்கிலமும் உடைத்தலை வைத்திருந்தும், குணத்தில் எதிரெதிராக நிற்கின்றன. தமிழில் ஒருவர் உண்மையைப் ‘போட்டு உடைத்தார்’ என்றால், மறைக்க வேண்டிய ஒன்றை எல்லோர் முன்னாலும் பட்டெனச் சொல்லிவிட்டார் என்று பொருள். ஆங்கிலத்தில் ஒருவரிடம் செய்தியை ‘பிரேக்’ செய்வது, பெரும்பாலும் கெட்ட செய்தியைப் பக்குவமாக எடுத்துச் சொல்வது. மருத்துவர்கள் இதற்காகவே பயிற்சி பெறுகிறார்கள். ஆகவே ‘அவரிடம் நீங்களே பிரேக் செய்யுங்கள்’ என்று மேலாளர் சொன்னால், பதமாகச் சொல்லும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சியின் ‘பிரேக்கிங் நியூஸ்’ வேறு; அங்கே முந்திச் சொல்வது மட்டுமே பொருள், பதமும் இல்லை, பக்குவமும் இல்லை.

பின்னால் ஒட்டும் சிறு சொற்கள்

‘டவுன்’, ‘அப்’, ‘இன்’, ‘ஆஃப்’, ‘த்ரூ’ ஆகியவை இந்த வினையோடு சேரும்போது பொருள் மாறுகிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். அனைத்தையும் இங்கே விரிப்பதைவிட, அலுவலகத்தில் மோதிக்கொள்ளும் முதல் இரண்டைத் தெளிவாக்குவது பயனுள்ளது. ‘பிரேக்டவுன்’ என்பதற்கு இரு பொருள். வண்டி, லிஃப்ட், பேச்சுவார்த்தை, மனிதரின் மனவுறுதி ஆகியவை செயலற்று நின்றுபோவது ஒன்று. மொத்தமாக உள்ள ஒரு தொகையை இனம் இனமாகப் பிரித்துக் காட்டுவது மற்றொன்று. செலவுக் கணக்கை ‘பிரேக்டவுன்’ செய்து தருமாறு கேட்டால், எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். இந்திய அலுவலகங்களில் இதற்கே ‘பிரேக்கப்’ என்று சொல்லும் வழக்கம் வேரூன்றிவிட்டது; அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, வருங்கால வைப்பு நிதி என்று பிரித்துக் காட்டும் தாளுக்கு ‘சாலரி பிரேக்கப்’ என்றே எல்லாரும் சொல்கிறோம். நம் ஊருக்குள் அது குறையில்லை. ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவருக்கு எழுதும் கடிதத்தில் ‘பிரேக்டவுன்’ என்று எழுதுவதே பாதுகாப்பு, ஏனெனில் அங்கே ‘பிரேக்கப்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது காதல் முறிவு.

‘பிரேக் இன்’ என்பதற்கும் இரண்டு பொருள்: பூட்டை உடைத்து உள்ளே நுழைவதும், புதியதைப் பழக்குவதும். இரண்டாவது பொருளில் காளையை வசக்குவதுபோலப் புதுச் செருப்பைக் கடிக்காமல் ஆகும்வரை போட்டுப் பழக்குவது அடங்கும். ‘பிரேக் ஈவன்’ என்பதில் வரவும் செலவும் சமமாகின்றன. சிறிய சிற்றுண்டிக் கடை ஒன்றின் மாத வாடகையும் கூலியும் சேர்ந்து 60,000 ரூபாய், ஒரு தட்டு இட்லியில் பொருள் செலவு போக நிற்பது 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 4,000 தட்டு விற்கும்போது கடை அந்த நிலையை எட்டுகிறது. அதைத் தமிழில் ‘முதலுக்கு மோசமில்லாத நிலை’ என்று சொன்னால் வியாபாரிகளுக்கு உடனே விளங்கும்.

மென்பொருள் நிறுவனங்களில் ‘பில்ட் பிரேக் ஆகிவிட்டது’ என்பதற்கு, யாரோ செய்த திருத்தத்தால் நிரல் இனி தொகுக்கப்படவோ ஓடவோ மறுக்கிறது என்று பொருள். ‘பிரேக்கிங் சேஞ்ச்’ என்றால் பழைய பதிப்பை நம்பியிருந்த மற்ற நிரல்கள் வேலை செய்யாமல் போகக்கூடிய மாற்றம். தொலைக்காட்சிச் செய்தியோடு அதற்குத் தொடர்பில்லை.

மரபுத்தொடர்களில் சிலவற்றுக்குத் தமிழில் நல்ல இணை தயாராக இருக்கிறது. முதுகை ‘பிரேக்’ செய்யும் வேலை நம் இடுப்பொடிக்கும் வேலைதான். வங்கியை ‘பிரேக்’ செய்யாத செலவு என்றால் கையைக் கடிக்காத செலவு; சூதாட்டக் கூடத்தின் கையிருப்பு முழுவதையும் வென்றுவிடுவதைக் குறித்த தொடர் அது. பனிக்கட்டியை ‘பிரேக்’ செய்வது, அறிமுகமில்லாதவர்களுக்கு இடையே உள்ள கூச்சத்தைப் பேச்சால் போக்குவது. உறைந்த நீர்ப்பரப்பில் படகுக்கு வழி உண்டாக்கும் நாட்டாரின் தொடரை, பனி பார்க்காத நாம் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டியதில்லை. மேடை ஏறும் நடிகரிடம் காலை ‘பிரேக்’ செய்துகொள்ளச் சொன்னால் அது வாழ்த்து. இதைத் தமிழ் மேடையில் முயன்று பார்க்க வேண்டாம்.

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. தமிழின் ‘முறி’ என்ற வினை போகும் எல்லா இடத்துக்கும் ‘பிரேக்’ போகாது. சோம்பல் முறிப்பதும், நெட்டி முறிப்பதும், விஷத்தை முறிப்பதும், பால் முறிவதும் ஆங்கிலத்தில் நான்கு தனித்தனி வினைகள். பின்னம் என்ற சொல்லில் மட்டும் இரு மரபுகளும் ஒன்றையே நினைத்திருக்கின்றன: உடைந்த சிலையையும் பின்னம் என்கிறோம், கணக்கில் அரை, காலையும் பின்னம் என்கிறோம், கணக்குப் பாடத்தின் ‘ஃபிராக்‌ஷன்’ என்ற சொல்லும், எலும்பு முறிவைக் குறிக்கும் ‘ஃபிராக்சர்’ என்ற சொல்லும், உடைதலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை.

எழுத்தில் ஒரு கண்ணி

பேசும்போது தப்பித்துக்கொண்டாலும் எழுதும்போது மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இறந்தகாலத்துக்கு ‘புரோக்’, எச்சத்துக்கு ‘புரோக்கன்’ என்பதைக் கவனித்தால் போதும். ஆனால் ‘ஐ ஆம் புரோக்’ என்றால் உடைந்துபோனேன் என்று பொருளில்லை, கையில் காசில்லை என்று பொருள். மனமொடிந்தவர் சொல்ல வேண்டியது ‘புரோக்கன்’. இதைவிடப் பெரிய கண்ணி, வண்டியை நிறுத்தும் பிரேக்குக்கும் இந்த வினைக்கும் ஆங்கிலத்தில் உச்சரிப்பு ஒன்றே, எழுத்து வேறு என்பது. வினையில் ‘இ, ஏ, கே’ என்ற வரிசையிலும், வண்டியின் உறுப்பில் ‘ஏ, கே, இ’ என்ற வரிசையிலும் எழுத்துகள் முடிகின்றன. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதே இல்லை. ஓட்டுநர் பணிமனைக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் வண்டி ‘பிரேக்டவுன்’ ஆகிவிட்டது என்பதை வண்டி உறுப்பின் எழுத்துக்கூட்டலில் எழுதினால், மெக்கானிக் பிரேக் கட்டையையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு வருவார். உண்மையில் பழுது மின்கலத்தில் இருக்கலாம். பிரேக்கே பிடிக்கவில்லை என்றால் ‘பிரேக் ஃபெயிலியர்’ என்றும், வண்டி நகரவில்லை என்றால் ‘பிரேக்டவுன்’ என்றும் எழுதி, அதன் கீழே எந்தச் சாலை, எந்தத் தூண் எண் அருகில் நிற்கிறது என்பதையும், சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறதா என்பதையும் சேர்த்துவிட வேண்டும்.